பெரியவள் வயிற்றில் சின்னவள் அடுப்பு

பெரியவளுக்கு வயிறு எரிந்தால் சின்னவள் வீட்டு அடுப்பு பற்றிக்கொள்ளும். அப்படியே ஏழு மாதம் அந்த வீட்டில் சோறு வெந்தது, பால் பொங்கியது, முட்டை அவிந்தது. புதுச் சமையலறையின் மூலையில் சீல் உடைக்காத சிலிண்டர் ஒன்று வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தது. சிலிண்டர் கொண்டுவருகிறவர் இரண்டு தடவை வாசலில் நின்று, "என்னம்மா, வீட்டுல சமைக்கறதே இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இன்றைக்கு அந்தத் தெருவில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்வதென்றால் ஒரு பொய்யிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதுவும் ஒரே வார்த்தைப் பொய்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்குள் வந்தவர்கள். மாமியார் கண்ணை மூடிய மறுவருஷம் வீட்டின் நடுவே ஒரு செங்கல் சுவர் எழும்பியது. சண்டை ஒன்றும் இல்லை, இனி சண்டை வரக்கூடாது என்றுதான் எழுப்பினார்கள். பழைய சமையலறை பெரியவள் பக்கம் வந்தது. சின்னவளுக்குக் கிடைத்தது தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறை. அதிலேயே ஒரு மேசையைப் போட்டு அடுப்பை வைத்துக்கொண்டாள். பார்க்கிறவர்கள் பெரியவளுக்கு யோகம் என்றார்கள். அவள் இடுப்பைக் கேட்டால் வேறு கதை சொல்லியிருக்கும். மாமியார் குள்ளம், தன் உயரத்துக்கு மேடை கட்டி வைத்துவிட்டுப் போய்விட்டாள். பெரியவளோ நெடுநெடுவென்று வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த வாரத்திலேயே மாமியார் அவளுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தாள். பத்தொன்பது வருஷம் அந்த மேடையில் குனிந்து குனிந்து நறுக்கினாள். நிமிர்ந்தால் மேல் தட்டு நெற்றியில் இடித்தது. போதாததற்கு அவள் இடதுகைக்காரி. அந்தச் சமையலறையில் எல்லாமே வலது பக்கம். டிராயரை முழங்காலால் ஒரு எத்து எத்தினால்தான் திறக்கும், இடுப்பால் ஒரு இடி கொடுத்தால்தான் மூடும். நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே சமைப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. மேடையை உயர்த்தலாமா என்று ஒரு தடவை கணவனிடம் கேட்டாள். "எங்கம்மா கட்டினது நல்லாத்தானே இருக்கு?" என்றான். அதோடு சரி.

சின்னவள் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஒரு நாள் சாமான் அறையை இடித்து முறையான சமையலறையாகக் கட்டப்போவதாகச் சொன்னாள். அதற்கென்று கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கினாள். தினமும் சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு பெரியவளிடம் வருவாள். அடுப்புக்கு நேர் மேலே புகை இழுக்கும் சிம்னி, சிங்க்குக்குக் கீழே குப்பைக்கூடைக்குத் தனி இடம், மிக்ஸி வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிளக், தள்ளினால் கடைசி இரண்டு விரல் தூரம் தானே மெல்லப் போய் மூடிக்கொள்ளும் டிராயர். "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்பாள். "நல்லாதான் இருக்கு" என்பாள் பெரியவள். அந்தத் 'தான்'-இல் எல்லாம் இருந்தது. சின்னவள் போன பிறகு தன் டிராயரை வேண்டுமென்றே இரண்டு எத்து கூடுதலாக எத்துவாள்.

வேலைக்கு வந்த தச்சருக்கு முக்காலடி என்று பெயர். எதைக் காட்டி என்ன கேட்டாலும் "முக்கால் அடி தள்ளிக்கலாம்" என்பதே அவர் வாயிலிருந்து முதலில் வரும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அப்படித்தான் சொன்னார் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் முதல் நாள் வந்தபோது சின்னவள் வேலைக்குப் போயிருந்தாள். சாவி வழக்கம்போலப் பெரியவளிடம். "சுவரை மட்டும் அளந்துட்டுப் போகட்டும்க்கா, மத்ததுக்கு ஞாயித்துக்கிழமை நான் இருக்கேன்" என்று சொல்லிவைத்திருந்தாள். முக்காலடி சுவரை அளந்தார், ஜன்னலை அளந்தார், குழாய் வரவேண்டிய இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார். பிறகு பையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் ஒரு குச்சியை இழுத்தார். டேப் சுவருக்குத்தான் என்பது அவர் கட்சி. மற்றதெல்லாம் சமைக்கிறவளின் உடம்பு சொல்ல வேண்டும். வெங்காயம் நறுக்குகிற மாதிரி கையை மடக்கச் சொல்லி, முழங்கைக்கு நாலு விரல் கீழே குச்சியில் உளியால் ஒரு வெட்டு, அது மேடை. கையை மேலே தூக்கச் சொல்லி இன்னொரு வெட்டு. அது மேல் தட்டு. எந்தக் கை தானாக நீள்கிறதோ அந்தப் பக்கம் கத்தி டிராயர், அந்தப் பக்கமே சூடான பாத்திரத்தை இறக்கிவைக்க இடம். "அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் மூணும் ஓரகத்திங்க மாதிரிம்மா" என்றார். "ரொம்பத் தள்ளி வெச்சா வீடு நடக்காது, ரொம்பக் கிட்ட வெச்சா ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கும். அதுக்குத்தான் நடந்து பாக்கச் சொல்றது. சரி, இங்க நின்னு சமைக்கப்போறது யாரு?"

பெரியவள் வாயைத் திறந்தது 'அவ ஞாயித்துக்கிழமை வருவா' என்று சொல்லத்தான். வந்தது வேறு.

"நான்தான்."

ஏன் சொன்னோம் என்று பின்னால் அவள் எத்தனையோ நாள் யோசித்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒரு ஜீவன் கேட்டதில்லை. அந்த மனிதர் கேட்டார், அவ்வளவுதான். கையை மடக்கினாள், தூக்கினாள், சாக்பீஸ் வட்டங்களுக்கு இடையே நடந்துகாட்டினாள். குச்சியில் வெட்டு விழுந்த சத்தம் அவளுக்கு இனித்தது. ஞாயிற்றுக்கிழமை எப்படியும் குட்டு வெளிப்பட்டுவிடும், அப்போது விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சனிக்கிழமையே முக்காலடி சின்னவளிடம் "அளவெல்லாம் எடுத்தாச்சும்மா, ஞாயித்துக்கிழமை வரவேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டார். மேடைக்குக்கூட ஆள் வேண்டாம், கண்ணாலேயே அளந்துவிட்டார், கெட்டிக்காரர் என்று சின்னவள் மெச்சிக்கொண்டாள். பெரியவள் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. அதற்குள் கல் வந்து இறங்கிவிட்டது.

இரண்டு மாதத்தில் வேலை முடிந்தது. தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டு டீ போட்டுக் கொடுக்கலாம் என்று சின்னவள் ஏற்பாடு செய்தாள். சிலிண்டருக்கு இன்னும் குழாய்கூட மாட்டவில்லை, பழைய மேசையடுப்பில் போட்டுக்கொள்ளலாம் என்று பாலை மட்டும் புது அடுப்பின் மேல் வைத்திருந்தாள். பெரியவள் கடைசியாக வந்தாள். மேடையில் கை வைத்தாள். குனிய வேண்டியிருக்கவில்லை. இடது கை தானாக நீண்டது, டிராயர் அங்கே இருந்தது, வெண்ணெய் மாதிரி திறந்தது. தள்ளினாள். கடைசி இரண்டு விரல் தூரம் அது தானே மெல்லப் போய் மூடிக்கொண்டது. அதைப் பார்த்த கணம் அவள் தொப்புளுக்கு மேலே பிடித்த எரிச்சல் இருக்கிறதே, அப்பப்பா! அடுப்பு குப்பென்று பற்றியது. பால் பொங்கி வழிந்தது. வந்தவர்கள் "ஆட்டோமேட்டிக் போல" என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அதிலிருந்து பெரியவள் பாடு பெரும்பாடு. போகாமல் இருக்கலாம் என்றால் கால் கேட்கவில்லை. வேலைக்குப் போகிறவளுக்கு ஒத்தாசை என்று சாக்குச் சொல்லிச் சாயங்காலம் போய் நறுக்கிக் கொடுப்பாள். அங்கே நிற்கும்போது இடுப்பு வலி இருந்த இடம் தெரியாது. பாத்திரத்தை இறக்கத் திரும்பினால் இறக்க வேண்டிய இடம் முன்னமே காத்திருக்கும். என் உடம்புக்குச் செய்தது, என் கைக்குச் செய்தது, யாரோ ஒருத்தி வீட்டில் கிடக்கிறதே என்று நினைப்பாள். பொய் சொன்னவள் தான்தான் என்பது அந்த நேரத்தில் சௌகரியமாக மறந்துபோகும். வீட்டுக்குத் திரும்பி வந்ததும் மேல் தட்டு நெற்றியில் ஒரு வரவேற்பு கொடுக்கும். அவ்வளவுதான், சுவருக்கு அந்தப் பக்கம் தீ ஒரு சாண் எழும்பும். அவளுக்கு அது தெரியாது. தன் வயிறு எரிகிறது என்பது மட்டும்தான் தெரியும். இன்னொன்றும் நடந்தது, அவள்தான் கவனித்துக்கொள்ளவில்லை. அதே மாதங்களில் பெரியவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் சுடச்சுட வந்தது. மொட்டைமாடித் தொட்டியில் வெயில் படுகிறது என்று நினைத்துக்கொண்டாள். மழை விடாமல் பெய்த பத்து நாளும் அப்படியேதான் நினைத்தாள்.

சின்னவள் விஷயத்தைப் பதினைந்து நாளில் கண்டுபிடித்துவிட்டாள். தபாலில் போட்டது போய்ச் சேரும் கணக்கு அவளுக்குத் தெரியாதா? பெரியவள் வெளியூர் போன இரண்டு நாளும் அடுப்பு கல்லாகக் கிடந்தது. திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றியதும் பற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு சோறு சீக்கிரம் வேகவேண்டும் என்றால் ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பாள். "அக்கா! மூலை அலமாரிக்குச் சுத்தற தட்டு போட்டாச்சு. உள்ள கைய விட்டுத் தேடவே வேண்டாம், சும்மா திருப்பினாப் போதும்!" என்பாள். கொதி வந்துவிடும். மிதமான தீ போதும் என்றால் சிம்னியைப் பற்றி ஒரு வார்த்தை. பாலுக்கு, பெரியவள் கண்ணில் படும்படி ஒரு தடவை டிராயரைத் திறந்து மூடினாலே போதும். அவள் புருஷனுக்கும் இது தெரியும். அண்ணி பாவம் என்று அவன் ஒரு தடவை சொன்னான். சின்னவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவன் அடுத்த வாய்ச் சோற்றை எடுத்தான்.

ஏழாவது மாதம் பெரியவளால் தாங்க முடியவில்லை. கணவன் டாக்டரிடம் அழைத்துப்போனான். டாக்டர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார், புண் ஒன்றும் இல்லை, ஆனால் திரும்பி வந்த குழாயின் நுனி கருகியிருந்தது. அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, ரோஸ் நிறத்தில் ஒரு மருந்து எழுதிக்கொடுத்தார். பெரியவள் வீட்டுக்கு வந்து இரண்டு மூடி குடித்தாள். பனிக்கட்டியை விழுங்கின மாதிரி உள்ளே ஒரு குளிர்ச்சி இறங்கியது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கமாட்டாள், கொழுந்தன் தபதபவென்று ஓடி வந்தான். "அண்ணி, மருந்து கிருந்து ஏதாவது குடிச்சீங்களா? சோறு பாதி வெந்து நிக்குது!"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பெரியவள் அவனையும் மருந்து பாட்டிலையும் மாறிமாறிப் பார்த்தாள். சீல் உடைக்காத சிலிண்டர் நினைவுக்கு வந்தது. சுற்றும் தட்டு நினைவுக்கு வந்தது. ஜன்னல் வழியாக வந்த ஒவ்வொரு குரலும் நினைவுக்கு வந்தது. "அடப்பாவிகளா!" என்றாள். "என் வயித்துலயா சமைச்சுச் சாப்பிட்டீங்க, இத்தனை நாளும்?"

செருப்புக்கூடப் போடாமல் அந்தப் பக்கம் போனாள். வழக்கமாகச் சாயங்காலம் வாசலிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு போகிறவள், அன்றைக்குக் கூப்பிடவில்லை. சமையலறைக்குள் சின்னவள் ஒரு பலகைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். பெரியவள் குரல் கேட்டதும் தினமும் காலால் மேடைக்கு அடியில் தள்ளி மறைத்து வைத்த பலகை. அதன்மேல் நின்றும் அவளுக்கு மேடை நெஞ்சுக்குக் கொஞ்சம்தான் கீழே. இரண்டு முழங்கையும் கல் விளிம்பில் உரசிக் காய்த்துக் கறுத்திருந்தன. வலது கையால் கத்தியை எடுக்க உடம்பைக் குறுக்கே வளைத்து இடது பக்க டிராயரைத் துழாவிக்கொண்டிருந்தாள். பெரியவள் நிலைப்படியிலேயே நின்று அந்தப் பலகையைப் பார்த்தாள்.

சின்னவள் பலகையிலிருந்து இறங்கவில்லை. டிராயருக்குள்ளிருந்து இரண்டாக ஒடித்த குச்சியை எடுத்தாள். "டீ குடுத்த அன்னிக்கே கெடச்சுது. தச்சர் மறந்து போட்டுட்டுப் போயிட்டாரு" என்றாள். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துப் பெரியவள் பக்கத்தில் நிறுத்தினாள். "கைய மடக்குங்கக்கா." பெரியவள் மடக்கினாள். வேறு என்ன செய்வாள்? முழங்கைக்கு நாலு விரல் கீழே வெட்டு வந்து அச்சாக உட்கார்ந்தது. "இந்த ரெண்டு வீட்டுல இடதுகைக்காரி யாருக்கா?"

"நான்தான்" என்றாள் பெரியவள். இந்தத் தடவை அது உண்மையாக இருந்தது. அவமானத்தில் காது மடல் சிவந்தது. "அன்னிக்கே தெரியும்னா ஏண்டி சொல்லலை?"

"சொன்னா? 'எனக்குச் செஞ்சது, அவளுக்கு வாய்க்கலை'ன்னு உள்ளுக்குள்ள சிரிப்பீங்க. அதுக்குப் பலகையே மேல்." சின்னவள் குரல் உடைந்தது. "நோட்டு வாங்கிக் கோடு போட்டவ நான். சாயங்காலம் நீங்க வந்து நிப்பீங்க, நிமிர்ந்து நின்னு, கண்ணை மூடிக்கிட்டே எல்லாத்தையும் எடுப்பீங்க. என் வீடு உங்களுக்கு வாலாட்டும். பாத்துக்கிட்டு நிக்கிற எனக்கு எப்படி இருக்கும்? உங்களுக்கு மட்டும்தான் வயிறு இருக்கா? எனக்கும்தான் எரிஞ்சுது!"

சொல்லி முடிப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவளின் கணவன் "ஐயோ!" என்று கத்தினான். கை கழுவக் குழாயைத் திறந்திருக்கிறான். "யாருடி தண்ணியைக் கொதிக்க வெச்சது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரியவளுக்கு மழை பெய்த பத்து நாள் நினைவுக்கு வந்தது. முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அன்றைக்குப் பாதி வெந்த சோற்றை நாலு பேரும் நறநறவென்று சாப்பிட்டார்கள்.

முக்காலடியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் மேடையைத் தட்டிப் பார்த்தார். "கல்லை இறக்கினா ரெண்டாப் போயிடும்மா. கல்லை மாத்த முடியாது, ஆளைத்தான் மாத்தணும்" என்றார். சும்மா சொன்னாரோ, தெரிந்துதான் சொன்னாரோ. எதற்கும் இருக்கட்டும் என்று பெரியவள் வீட்டு மேடையையும் பார்த்தார். சின்னவளை அதன் முன்னால் நிறுத்திக் கையை மடக்கச் சொன்னார். குள்ள மாமியார் கட்டிய மேடை அவள் முழங்கைக்குச் சரியாக நாலு விரல் கீழே இருந்தது. எல்லாம் வலது பக்கம். மேல் தட்டு கைக்கு எட்டியது. பத்தொன்பது வருஷமாகப் பெரியவளை இடித்துக்கொண்டிருந்த சமையலறை இவளுக்காக அளவெடுத்துக் காத்திருந்த மாதிரி இருந்தது. மாமியார் இருந்திருந்தால் அப்போதே சொன்னேனே என்றிருப்பாள், உண்மையில் ஒன்றும் சொல்லியிருக்காவிட்டாலும். டிராயருக்கு மட்டும் புதுத் தண்டவாளம் போட்டுக்கொடுத்தார். பிறகு இரண்டு சமையலறைக்கும் நடுச் சுவரில் ஒரு வாசல் உடைத்தார், முக்கால் அடி தள்ளித்தான்.

அன்றிலிருந்து காலையில் பெரியவள் அந்தப் பக்கம் போனாள், சின்னவள் இந்தப் பக்கம் வந்தாள். பாத்திரங்கள் வாசல் வழியாகப் போய்வந்தன. இரண்டு வயிறும் குளிர்ந்து கிடந்தன. அதனால் அடுப்பும் கிடந்தது, குழாயும் கிடந்தது. சிலிண்டரின் சீலை உடைத்துக் குழாய் மாட்டி, ஊர் உலகம் சமைக்கிற மாதிரி லைட்டரைத் தட்டித் தட்டிச் சமைத்தார்கள். மூன்று நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெரியவளுக்கு ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது, என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அவள் கணவன் சாப்பிட உட்கார்ந்தான். பழைய சமையலறையில் சின்னவள் சமைத்தது. ஒரு வாய் வைத்தான், நிறுத்தினான், இன்னொரு வாய் வைத்தான். "அடடா! இன்னிக்கு யாரு வெச்சது? அப்படியே எங்கம்மா கைப்பக்குவம்!" என்றான். பத்தொன்பது வருஷத்தில் பெரியவள் சமைத்ததற்கு அவன் 'உப்பு சரியா இருக்கு' என்பதற்கு மேல் சொன்னதில்லை. நடு வாசல் வழியாக அதைக் கேட்டவள் பக்கத்தில் புது அடுப்பு குப்பென்று பற்றியது. சிலிண்டர் மூடித்தான் இருந்தது. அதே நேரம், நடு வாசல் வழியாகச் சின்னவள் எட்டிப் பார்த்தாள். பெரியவள் நேராக நிமிர்ந்து நிற்பதையும், அவள் இடது கை தானாகப் போய் டிராயரை மூடுவதையும், அது கடைசி இரண்டு விரல் தூரம் தானே போவதையும் பார்த்தாள். அவள் நின்ற பழைய சமையலறைக் குழாயில் வெந்நீர் ஆவி பறந்தது.

"அக்கா, பாத்திரம் தேய்க்கத் தண்ணி வந்துடுச்சு" என்றாள் சின்னவள்.

"இங்க தீ கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள் பெரியவள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். தீ பாதிக்கு இறங்கியது. பாலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.